ஹைபிரிட் காருக்குப் புதிய டயர் மாட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

2022 ஓகஸ்ட் மாதத்தில், இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் குறியீட்டைக் காட்டி ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் மட்டுமே வாங்க முடிந்த நாட்களில், என்னுடைய டொயோட்டா அக்வாவின் நான்கு டயர்களையும் மாற்ற வேண்டி வந்தது. பழைய டயர்களில் பள்ளக் கோடுகள் மறையும் நிலையில் இருந்தன. யாழ்ப்பாணத்தில் அப்போது கிடைத்தவற்றுள் விலை குறைந்த நான்கை வாங்கி மாட்டினேன். அதுவரை லீற்றருக்கு 22 கிலோமீற்றர் ஓடிய கார், அடுத்த மூன்று முறை பெற்றோல் நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது 19 தான் ஓடியது. வாரத்துக்கு 20 லீற்றர் என்றால் 60 கிலோமீற்றர் கையை விட்டுப் போயிற்று என்று பொருள். கிளிநொச்சிக்கு ஒரு தடவை போகவே அது போதும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. ஒரே காரணம் இருக்கும் என்று தேடியதுதான் தாமதத்துக்குக் காரணம். உண்மையில் ஐந்து சிறிய இழப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று இழப்பே அல்ல, கணக்குப் பிழை. "டயர் சரியில்லை" என்றோ "ஹைபிரிட் பட்டரி போய்விட்டது" என்றோ உடனே முடிவுகட்டிப் பணத்தை இழந்த பலரை அதன் பின் பார்த்திருக்கிறேன். ஆகவே அறிகுறி எதுவோ அங்கிருந்து தொடங்கி, செலவில்லாத சோதனையை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் வைத்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகும் முறையை இங்கே எழுதுகிறேன். கணக்குகள் யாவும் அக்வாவின் 175/65 ஆர் 15 அளவுக்கு (அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், சக்கர வளையம் 15 அங்குலம்) உரியவை. வேறு அளவுக்கும் முறை இதுவே.

தொடங்கும் முன் ஒன்றை விளங்கிக்கொள்வது நல்லது. சாதாரண காரில் பிரேக் பிடிக்கும்போது ஓட்டத்தின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிப் போகிறது. பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார் அதில் ஒரு பகுதியை அந்த மோட்டார் வழியாகப் பட்டரிக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆனால் டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் இறப்பர் நசுங்கி நிமிர்வதால் உண்டாகும் இழப்பை, அதாவது உருளல் தடையை, எந்த மோட்டாராலும் திருப்பி எடுக்க முடியாது. மற்ற இழப்புகள் குறைவாக உள்ள காரில் இந்த இழப்பு கூடுதலாகத் தெரியும். பழைய பெற்றோல் காரில் கவனத்துக்கே வராமல் போகும் டயர் மாற்றம், ஹைபிரிட் காரின் திரையில் அடுத்த நாளே எண்ணாகத் தெரிவது இதனால்தான்.

கையில் இருக்க வேண்டியவை மூன்று: சொந்தக் காற்றழுத்தமானி, பள்ளத்தின் ஆழம் அளக்கும் சிறு கருவி, ஒரு குறிப்பேடு. மூன்றில் குறிப்பேடுதான் எனக்கு மிகவும் உதவியது.

அறிகுறி: புதிய டயர் மாட்டியதும் ஓட்டம் குறைந்துவிட்டது

முதலில், குறைந்தது ஓட்டமா (லீற்றருக்கு ஓடும் தூரமா) கணக்கா என்று பாருங்கள். புதிய டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். நீங்கள் கழற்றிய டயரில் அது 2 மில்லிமீற்றராகத் தேய்ந்திருந்தால், சக்கரத்தின் ஆரம் 6 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது. 175/65 ஆர் 15 டயரின் முழு ஆரமே 304 மில்லிமீற்றர்தான் என்பதால் இது ஏறத்தாழ 2 சதவீதம். பெரிய சக்கரம் அதே தூரத்தைக் குறைந்த சுற்றுகளில் கடக்கிறது. கிலோமீற்றர் மானி எண்ணுவதோ சுற்றுகளை. எனவே பழைய டயரில் 100 கிலோமீற்றர் என்று காட்டிய அதே தூரத்துக்கு மானி இப்போது 98 என்று காட்டும், நீங்கள் அந்த 98 ஐ லீற்றரால் வகுத்து ஓட்டம் குறைந்துவிட்டது என்று கவலைப்படுவீர்கள். தேய்ந்த டயரோடு இருந்தபோது இதே மானி அதே தூரத்துக்கு இதைவிடச் சற்றுக் கூட்டியே காட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சரிபார்க்க ஏ9 வீதியின் கிலோமீற்றர் கற்களையே நான் பயன்படுத்தினேன். கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு கல்லருகில் ஒதுங்கி நின்று மானியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 50 ஆவது கல்லில் மறுபடி நிறுத்திப் பார்த்தபோது மானி 49.1 காட்டியது. லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் என்ற இழப்பில் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் அங்கேயே தீர்ந்தது. கைத்தொலைபேசியின் வரைபடச் செயலியாலும் இதைச் செய்யலாம், ஆனால் வளைவுகள் குறைந்த நீண்ட வீதியில் செய்யுங்கள்.

கணக்கு எடுக்கும் முறையும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே பம்பில், குழாய் முதல் தடவை தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்பி, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுக்க வேண்டும். அக்வாவின் தாங்கி 36 லீற்றர் மட்டுமே கொள்ளும்; ஒரு தடவை ஒரு லீற்றர் கூடக்குறைய நிரம்பினாலே கணக்குப் பிசகிவிடும் என்பதால் மூன்று நிரப்பல்களின் சராசரியையே நம்புங்கள். 2011 டிசம்பரில் அக்வா வெளிவந்தபோது ஜப்பானிய ஜேசி08 சோதனையில் அதற்குச் சொல்லப்பட்ட 35.4 கிலோமீற்றரை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காரின் கடந்த ஆண்டுச் சராசரிதான் உங்களுக்குரிய அளவுகோல்.

இரண்டாவது, காற்றழுத்தம். டயர் மாற்றிய அன்று கடைத் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணை, இந்த வெயிலுக்கு 28 காணும். கூட அடிச்சால் வெடிச்சுப் போகும்." அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், ஆனால் அது பிழை. காற்றுக் குறைந்த டயர்தான் கூடுதலாக நசுங்கி, கூடுதலாகச் சூடேறி, நெடுந்தூர ஓட்டத்தில் வெடிக்கும். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து இறக்கிய கார்களில் அந்தத் தாள் ஜப்பானிய மொழியில் இருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் எழுத்துத் தெரியாவிட்டாலும் டயர் அளவும் எண்களும் தெரியும். அங்கே கிலோபாஸ்கலில் உள்ள 220 என்பது நம் கடைகளில் சொல்லும் 32 பிஎஸ்ஐ. 230 என்பது 33. 240 என்பது 35. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அளவு வேறாக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள்.

அழுத்தத்தைக் காலையில், கார் நகரும் முன், நிழலில் அளக்க வேண்டும். மத்தியான வெயிலில் ஓடிவந்து கடையில் அளந்தால் 4 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். அதைக் "கூடிப்போயிற்று" என்று குறைத்துவிட்டால் மறுநாள் காலை டயர் காற்றுக் குறைந்து நிற்கும். எனினும் காற்றழுத்தத்தால் எரிபொருள் எவ்வளவு வீணாகும் என்பதைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் இழப்பு ஏறத்தாழ 0.2 சதவீதம் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தரும் கணக்கு. எனக்குக் குறைந்திருந்த 5 பிஎஸ்ஐயால் 1 சதவீதம்தான் போயிருக்கும். காற்றை அடித்துவிட்டு 22 திரும்பி வரும் என்று காத்திருந்து நான் ஏமாந்ததற்கு இதுவே விளக்கம். டயரின் ஆயுளுக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் காற்றழுத்தம் மிக முக்கியம்; 14 சதவீத இழப்பை அது மட்டும் விளக்காது.

மூன்றாவது, புதிய இறப்பரின் தடிப்பு. உருளல் தடையின் பெரும்பகுதி வீதியைத் தொடும் மேல் இறப்பரிலேயே உண்டாகிறது. அது தேயத் தேய நசுங்குவதற்கு இறப்பர் குறைவதால் தடையும் குறைகிறது. முழுக்கத் தேய்ந்த டயரின் உருளல் தடை, அதே டயர் புதிதாக இருந்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஆகவே கழற்றிய அதே வகை டயரையே புதிதாக வாங்கி மாட்டினாலும் ஓட்டம் 3 சதவீதம் அளவில் குறையத்தான் செய்யும். இது கோளாறு அல்ல. முதல் சில ஆயிரம் கிலோமீற்றரில் கொஞ்சமும் பின்னர் மெதுவாகவும் திரும்பி வரும். தேய்ந்த டயரோடு புதிய டயரை ஒப்பிட்டுப் பார்த்துப் புதியதைக் குறைசொல்வது நியாயமில்லை.

நான்காவதாகத்தான் டயரின் தரத்துக்கு வர வேண்டும். ஜப்பானில் 2010 ஜனவரியிலிருந்து டயர் உற்பத்தியாளர் சங்கத்தின் தரக்குறி நடைமுறையில் உள்ளது. உருளல் தடைக்கு ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று ஐந்து படிகள். ஈரவீதிப் பிடிப்புக்குச் சிறிய எழுத்தில் ஏ முதல் டி வரை நான்கு படிகள். உருளல் தடையில் ஏ அல்லது அதற்கு மேலாகவும், ஈரப்பிடிப்பில் இந்த நான்கு படிகளுக்குள்ளும் இருந்தால் மட்டுமே அங்கே அது எரிபொருள் சேமிக்கும் டயர் எனப்படும். ஒரு தொன் பாரத்தை உருட்ட எத்தனை கிலோ விசை வேண்டும் என்பதே இதன் அலகு: ஏஏஏ என்றால் 6.5 அல்லது அதற்குக் கீழ், ஏஏ என்றால் 7.7 வரை, ஏ என்றால் 9.0 வரை, பி என்றால் 10.5 வரை, சி என்றால் 12.0 வரை.

ஐரோப்பியத் தரக்குறியுள்ள டயரானால் எழுத்துகள் வேறு, எல்லைகள் இவையே. அங்கே ஏ என்பது ஜப்பானிய ஏஏஏ. பி என்பது ஏஏ. சி என்பது ஏ. 2021 மே மாதத்திலிருந்து ஐரோப்பியப் படிகள் ஏ முதல் ஈ வரை ஐந்தாகச் சுருக்கப்பட்டன. அதற்கு முந்திய தாளில் ஏ முதல் ஜி வரை இருந்தது. பழைய தாளில் ஈ என்றிருந்தது புதிய தாளில் டி ஆகிறது. இதனால் கடையில் தேங்கிய பழைய இருப்பையும் புதியதையும் எழுத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறு நேரும். புதிய தாளில் கியூஆர் குறியீடு இருக்கும். அதைக்கொண்டு பழையது எது புதியது எது என்று பிரித்தறியலாம்.

இந்த எண்ணைப் பணமாக்கிப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1250 கிலோ எடையுள்ள அக்வாவுக்கு, உருளல் தடை ஓர் அலகு கூடினால் 12 நியூட்டன் விசை கூடுதலாக வேண்டும். 100 கிலோமீற்றருக்கு அது 1.2 மெகாஜூல் ஆற்றல்; எஞ்சின் பெற்றோலின் ஆற்றலில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகவே சக்கரத்துக்குத் தருகிறது என்பதால், எரியும் பெற்றோல் ஏறத்தாழ 0.1 லீற்றர். கேட்கச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஏஏ தரத்து 7 க்கும் பி தரத்து 10 க்கும் இடையே மூன்று அலகுகள். 40,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு டயர்த் தொகுதியின் ஆயுளில் அது 120 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 36,000 ரூபா. நான்கு டயர்களுக்கும் சேர்த்து விலை வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், மலிவான டயர் உண்மையில் மலிவானதல்ல. நீங்கள் ஆண்டுக்கு 5,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடுபவரானால் கணக்கு மாறும்: அந்த 40,000 ஐ எட்டுவதற்கு எட்டு ஆண்டுகள் ஆகும், அதற்குள் இறப்பர் வயதாகிவிடும். அப்படிப்பட்டவர் உருளல் தடையில் ஒரு படி இறங்கி, ஈரப்பிடிப்பில் ஒரு படி ஏறுவதே நல்லது என்பது என் முடிவான கருத்து.

பெயரை மட்டும் நம்பக் கூடாது. பிரிட்ஜ்ஸ்டோனின் எகோபியா, யோகோஹாமாவின் புளூஎர்த், டன்லப்பின் எனசேவ், மிஷெலினின் எனர்ஜி என்பவை எரிபொருள் சேமிப்பை முன்வைத்து வந்த வரிசைகள்தாம். ஆனால் ஒரே வரிசைப் பெயரில் நாட்டுக்கு நாடு, அளவுக்கு அளவு தரம் மாறும். எனவே "எகோபியா இருக்கிறதா?" என்று கேட்பதோடு நில்லாமல், உங்கள் அளவுக்குரிய தரக்குறியைக் காட்டச் சொல்லுங்கள். நான் வாங்கிய டயர்களில் எந்தத் தரக்குறியும் இருக்கவில்லை. 14 மாதங்களின் பின் அவற்றை ஏஏ தரத்துக்கு மாற்றியபோது, புதியவையாக இருந்தும் ஓட்டம் 21 ஆக ஏறியது.

ஐந்தாவது, சக்கரங்களின் நேர்நிலை. டயர் மாற்றியவுடன் அலைன்மன்ட் பார்க்காமல் விட்டால், முன்சக்கரங்கள் சற்று உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி, உருள்வதற்குப் பதிலாக வீதியில் தேய்த்துக்கொண்டு போகும். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளாகவும், பின் உள்ளிருந்து வெளியாகவும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறு பக்கம் அரம் போலவும் உறுத்தினால் நேர்நிலை பிழை. இரண்டாயிரம் கிலோமீற்றரிலேயே எனக்கு இது கையில் தட்டுப்பட்டது.

அறிகுறி: பெரிய அலோய் அல்லது பெரிய டயர் போட்ட பிறகு ஓட்டம் குறைந்தது

கார் பதிவாக ஓடுகிறது, வேகத்தடைகளில் அடி முட்டுகிறது என்று 175/65 க்குப் பதிலாக 185/65 போடுபவர்கள் பலர். விட்டம் 608 இலிருந்து 621 மில்லிமீற்றராகிறது. கார் உயர்வது அதில் பாதி, ஆறரை மில்லிமீற்றர் மட்டுமே. அந்தச் சிறு உயரத்துக்காக மானி 2 சதவீதம் குறைத்துக் காட்டும், டயரும் பாரமாகும், சில கார்களில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உட்சுவரில் உரசும். அடி முட்டுவதற்கு முதலில் ஸ்பிரிங்கையும் ஷொக் அப்சோர்பரையும் பாருங்கள்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 195/65 ஆர் 15, 215/45 ஆர் 17 என்ற இரண்டு அளவுகளும் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. அழகுக்காக 17 ஐப் போட்டவர்கள் 15 க்குத் திரும்பலாம். அளவை மாற்றும் எவரும் பக்கச் சுவரில் உள்ள பாரக் குறியெண் பழையதைவிடக் குறையாமல் பார்க்க வேண்டும்: 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 88 என்றால் 560, 91 என்றால் 615.

அறிகுறி: மழையில் பிரேக் பிடித்தால் கார் நழுவுகிறது, அல்லது ஒரு கணம் முன்னே பாய்வது போல் இருக்கிறது

இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குழியிலோ இரும்பு மூடியிலோ சக்கரம் ஏறும் அந்த ஒரு கணத்தில் மட்டும், மெதுவாக பிரேக் பிடித்திருக்கும்போது கார் முன்னே விடுபடுவது போல் தோன்றினால், அது பெரும்பாலும் டயர் அல்ல. முன்சக்கரம் பிடிப்பை இழந்ததும் மோட்டார் வழியான பிரேக் விலகி, எண்ணெய் பிரேக் பொறுப்பேற்கும் இடைவெளிதான் அது. மிதியை உறுதியாக அழுத்தினால் கார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே பிரேக் அமைப்பைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

ஆனால் மழை பெய்தால் எல்லா வீதியிலும் நழுவுகிறது, புறப்படும்போதே நழுவல் விளக்கு மின்னுகிறது என்றால் டயரைத்தான் பார்க்க வேண்டும். முதலில் பள்ளத்தின் ஆழம். பள்ளத்துக்குள்ளே சிறு மேடாக இருக்கும் தேய்வு அடையாளம் 1.6 மில்லிமீற்றரைக் குறிக்கிறது. அது எல்லைக்கோடு மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதியில் நீர் நிற்கும் ஊர்களில் 3 மில்லிமீற்றருக்குக் கீழ் போன டயரோடு நான் நெடுந்தூரம் போவதில்லை. நீரை வெளியேற்ற இடமில்லாத டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கினால், ஹைபிரிட் என்ன, எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

அடுத்தது வயது. பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதி: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். நான்கு எண்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருப்பது வழக்கம். வெளியில் காணவில்லை என்றால் காருக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தும் நகத்தால் அழுத்தினால் பதியாமல் கட்டியாகிவிட்ட, வெடிப்புக் கோடுகள் விழுந்த இறப்பர் ஈரவீதியைப் பிடிக்காது. குறைவாக ஓடும் கார்களில்தான் இது அதிகம், ஏனெனில் டயர் தேயும் முன் காய்ந்துபோகிறது.

மூன்றாவது ஈரப்பிடிப்புப் படி. உருளல் தடையைக் குறைப்பதும் ஈரப்பிடிப்பைக் கூட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள்; இறப்பர் குறைவாக ஆற்றலை உறிஞ்சினால் வீதியை இறுகப் பற்றுவதும் குறைய வாய்ப்புண்டு. 1992 இல் மிஷெலின் கரிக்குப் பதிலாகச் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்த பிறகே இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தர முடிந்தது. அந்தக் கலவை விலை கூடியது. விலையும் குறைந்து, உருளல் தடையும் குறைந்த டயரில் எது விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஈரப்பிடிப்புக் குறியில் தேடுங்கள். ஐரோப்பியத் தரக்குறியில் ஈரப்பிடிப்பின் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே, 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும் தூரத்தில் ஏறத்தாழ 3 முதல் 6 மீற்றர் வரை வித்தியாசம் வரும். ஒரு காரின் நீளம் 4 மீற்றர். ஏஏஏ என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்து மயங்கி, பக்கத்தில் டி என்று சிறிதாக இருப்பதைக் கவனிக்காமல் யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஏஏ தரத்தோடு ஈரப்பிடிப்பு பி கிடைத்தால் மழையுள்ள நம் வீதிகளுக்கு அதுவே போதும்.

அறிகுறி: ஜப்பானிலிருந்து புதிதாக இறக்கிய கார் தள்ளாடுகிறது, டயர் வேகமாகத் தேய்கிறது

பக்கச் சுவரில் ஸ்டட்லெஸ் என்ற சொல்லோ, மலைக்குள் பனிச்செதில் வரைந்த அடையாளமோ இருக்கிறதா என்று பாருங்கள். பனி பெய்யும் பகுதிகளில் ஓடிய கார் சில வேளை குளிர்காலத்து டயரோடேயே வந்து இறங்கும். உறைபனியிலும் இளகியிருக்கும்படி செய்த அந்த மென்மையான இறப்பர் நம் வெயிலில் களிபோலாகி, வளைவில் கார் மிதப்பது போன்ற உணர்வைத் தரும். பள்ளங்களுக்கிடையே கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் நிறைய இருப்பதால் அதைப் பார்த்தே அறியலாம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவற்றைக் கழற்றிவிடுங்கள். "நல்ல டயர், புதுசு போல இருக்கு" என்று விற்பவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது வேறொரு நாட்டின் வீதிக்கு நல்ல டயர்.

அறிகுறி: எஞ்சின் நின்றிருக்கும்போது "ஊம்" என்ற இரைச்சல்

ஹைபிரிட் காரில் எஞ்சின் ஓசை இல்லாத நேரம் அதிகம். மற்றக் காரில் மறைந்துபோகும் டயர் ஓசை இங்கே காதில் விழும். புதிய தார் வீதிக்கும் கரடுமுரடான பழைய வீதிக்கும் இடையே ஓசை மாறினால் அது டயர். வீதி மாறினாலும் ஓசை மாறாமல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடிக் குறைந்தால் சக்கரத்தின் பெயாரிங். டயர் என்று தெரிந்தால் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். அலை அலையாக மேடுபள்ளம் தட்டுப்பட்டால் நீண்ட காலம் இடம் மாற்றாமல் ஓடியிருக்கிறது. 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றியிருந்தால் இது வந்திராது. வந்த பின் மாற்றினால் ஓசை குறைய ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஆகும்.

அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது டயர் ஒரே இடத்தில் தேய்கிறது

இழுப்புக்கு முதலில் நான்கிலும் காற்றைச் சமப்படுத்துங்கள். பிறகும் இழுத்தால் இரண்டு முன்சக்கரங்களையும் இடம் வலமாக மாற்றிப் பாருங்கள் (சுழலும் திசை குறித்த டயரானால் இதைச் செய்ய வேண்டாம்). இழுப்பு மறுபக்கம் மாறினால் டயரின் உருவத்தில் குறை. கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேட்கலாம். மாறாவிட்டால் நேர்நிலை அல்லது பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூடுதல், இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, ஓர் ஓரம் மட்டும் என்றால் நேர்நிலைப் பிழை. ஓட்டம் கூடும் என்று 40 பிஎஸ்ஐக்கு மேல் அடித்து ஓடும் சிலரின் டயர்களில் நடுக்கோடு மட்டும் வழுக்கையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோலில் மிச்சம் பிடித்ததை அவர்கள் டயருக்குக் கொடுத்துவிடுகிறார்கள், மழையில் பிடிப்பையும் இழக்கிறார்கள்.

அறிகுறி: டயர் மாற்றவே இல்லை, ஆனாலும் ஓட்டம் குறைகிறது

காற்றழுத்தம் சரியாக இருந்தால் புதிய டயர் வாங்க இது காரணமல்ல. பத்து நிமிடம் ஓடிவிட்டு, பிரேக்கைக் கூடியவரை பயன்படுத்தாமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் வீசினால் அங்கே பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. அடுத்ததாக, பட்டரியைக் குளிர்விக்கும் காற்று உள்ளே போகும் துவாரம் பின் இருக்கைப் பக்கத்தில் இருக்கும். அதை மூட்டையோ துணியோ அடைத்திருக்கிறதா, வடிகட்டியில் தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடம், சந்தை என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டங்களே அதிகமாகிவிட்டால், எஞ்சின் சூடேறுவதற்கே பெற்றோல் செலவாகும்; அப்படியான மாதத்தில் எந்த டயரும் ஓட்டத்தைக் கூட்டித் தராது. நைதரசன் அடித்தால் கூடும் என்று சொல்லிப் பணம் வாங்குவோரும் உண்டு. நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான். மாதத்துக்கு இரண்டு தடவை அளந்து காற்றடிப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பணம் இரண்டு டயருக்கு மட்டுமே இருந்தால்

ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே வகையாக, ஒரே தரமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாற்றுவதைக் கூடியவரை தவிருங்கள். இந்தக் கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கிறது, ஆகவே புதியதை முன்னே போடுங்கள் என்று பல கடைகளில் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மழையில் முன்சக்கரம் நழுவினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் பிடித்துவிடலாம்; பின்சக்கரம் நழுவினால் கார் சுழன்றுவிடும், பெரும்பாலான ஓட்டுநர்களால் அதைத் திருப்ப முடியாது. புதிய இரண்டையும் பின்னே போட்டு, பின்னே இருந்த நல்ல இரண்டை முன்னே கொண்டுவந்து, அன்றே நேர்நிலை பார்த்து, மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் உங்கள் சொந்த அழுத்தமானியால் நான்கையும் அளந்து, மானி எண்ணோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.